சிறகு முளைத்த துணிக்குதிரை



2023 அக்டோபர் மாதம். காஸாவின் மீது குண்டுகள் விழத் தொடங்கியிருந்த நாட்கள். இஷா தொழுதுவிட்டு வீடு திரும்பிய நம் கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்து சேர்ந்தது. இருண்ட வானில் ஒரு போர் விமானம். தரையிலிருந்து சரம் சரமாக மேலேறும் நெருப்புப் பொறிகள். ஈற்றில் விமானம் தீப்பற்றிச் சுழன்று வீழ்கிறது. படம் பிடித்தவரின் கை நடுங்குவதுபோல் காட்சியும் நடுங்கியது. இருமுறை பார்த்தோம். கண் கலங்கியதையும் மறைக்க வேண்டியதில்லை. அதன் கீழே ஒரு துஆவை எழுதி மஹல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் மக்தப் பெற்றோர் குழுவுக்கும் அனுப்பிவைத்தோம்.

14 வயது மகன் நம் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

"வாப்பா, இது கேம். ஆர்மா 3."

அதட்டினோம். ஒரு சமுதாயம் இரத்தம் சிந்திக்கொண்டிருக்கும்போது உனக்கு விளையாட்டுப் பேச்சா என்று கேட்டோம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. தன் உம்மாவின் கைப்பேசியை வாங்கி யூடியூபில் தேடினான். அதே காட்சி, அந்த விளையாட்டின் பெயரோடு, பல மாதங்களுக்கு முன்பே பதிவேற்றப்பட்டிருந்தது.

அன்று மாலை மக்தபில் நாம் நடத்திய பாடம் ஸூரத்துல் ஹுஜுராத். ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு கட்டளையிடும் 6ஆம் வசனத்துக்கு விளக்கம் கூறி, பிள்ளைகளைத் திரும்பச் சொல்லவும் வைத்திருந்தோம். மாலையில் பாடம் சொன்ன வாய் ஆறவில்லை. இரவில் விரல் முந்திக்கொண்டது.

இரு குழுக்களிலும் காணொளியை நீக்கி, அது உண்மையன்று, நம் பிழை, மன்னிக்கவும் என்று எழுதினோம். ஒரு சகோதரர் உடனே பதிலிட்டார்: "படம் பொய்யாக இருந்தால் என்ன ஹஜ்ரத், அங்கே நடப்பது உண்மைதானே?" நல்லெண்ணத்தில் கேட்டார் என்றே கொள்கிறோம். ஆயினும் அந்த வாதத்தை நம்மால் ஏற்க இயலவில்லை. மெய்யான துயரத்துக்குப் பொய்யான சாட்சியைக் கொண்டுவருபவர், மெய்ச் சாட்சிகளையும் சேர்த்தே சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறார்.

பிறகு அந்த விளையாட்டைப் பற்றித் தேடிப் படித்தோம். ஆர்மா 3, செக் நாட்டைச் சேர்ந்த பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2013இல் வெளியிட்டது. அதன் காட்சிகள் உக்ரைன் போர்ச் செய்திகளாக உலவியதைக் கண்ட அந்நிறுவனமே 2022 நவம்பரில் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டிருந்தது. போலிக் காணொளிகளை அடையாளம் காணும் வழிகளையும் அதில் சொல்லியிருந்தார்கள். படம் தெளிவற்றிருக்கும். கேமரா ஆடும். பெரும்பாலும் இரவுக் காட்சியாக இருக்கும். ஒலி இருக்காது. நடமாடும் மனிதர்களைக் காண்பது அரிது. நம்மை அழவைத்த அந்தக் காணொளியில் இவற்றில் ஒன்றும் குறைவில்லை. அதாவது நாம் ஏமாந்தது வரைகலையின் நேர்த்தியைக் கண்டன்று. செய்திப் படம் எப்படி மங்கலாக இருக்கும் என்று நம் கண் பழகியிருந்ததோ, அந்தப் பழக்கத்தைக் கொண்டே நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நம் வெட்கத்தோடு போயிருக்கும். இரண்டு வாரம் கழித்து, இரவு உணவின்போது, உறவினர் ஒருவர் அனுப்பிய வேறொரு காணொளி ஓடியது. இடிந்த தெரு, புழுதி, ஓடும் மனிதர்கள். இம்முறை விசாரித்து உறுதி செய்துகொண்ட, மெய்யான படம். மகன் சோற்றைப் பிசைந்தபடியே நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "இது எந்த கேம்?"

எவரும் பதில் சொல்லவில்லை. அவன் உம்மா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அவனுக்கே விளங்கிவிட்டது, முகம் சிறுத்துப்போய் எழுந்து கை கழுவச் சென்றான். அவன் கல்நெஞ்சன் அல்லன். தெருவில் பூனை அடிபட்டால் மடியில் தூக்கிக்கொண்டு வருபவன். அவன் கண் மட்டும், நம் கண்ணைப் போலவே, மெய்க்கும் மெய்போன்றதற்கும் இடையிலுள்ள வேலியை இழந்திருந்தது.

இதில் நம் பங்கு பெரிது. நம் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கையால் வரைந்த கார்ட்டூன் விளையாட்டுகள் கூடா. உயிருள்ளவற்றை உருவமாக வரைவோரைப் பற்றி ஹதீஸ்களில் வந்துள்ள கண்டனத்தை நாம் அறிவோம். புகைப்படமும் காணொளியும் கண்ணாடியில் விழும் பிம்பம் போன்றவை, படைப்புக்குப் போட்டியாகப் படைத்துக் காட்டுவதில் சேரா என்று அறிஞர் பலர் கூறியிருப்பதால் அவற்றுக்குத் தடையில்லை. (இதையும் ஏற்காத உலமாக்கள் உண்டு; அந்தக் கருத்து வேறுபாட்டுக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை.) இந்தச் சட்டத்தின்படி, பெரிய கண்களோடு ஓடும் பொம்மைச் சிறுவன் வாசலிலேயே நிறுத்தப்பட்டான். துப்பாக்கி ஏந்திய சிப்பாய், பார்ப்பதற்குக் காணொளி போலவே இருந்ததால், உள்ளே வந்து அமர்ந்துகொண்டான்.

சட்டத்தின் ஓட்டையைக் காட்டியவனும் மகனே. நாலைந்து மாலைப் பொழுதுகள் அவனோடு அமர்ந்து, இந்தப் படங்கள் எப்படி உருவாகின்றன என்று கேட்டறிந்தோம். அந்தச் சிப்பாயின் முகத்தில் புகைப்படம் என்று சொல்லத்தக்கது மிகச் சொற்பம். ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களை ஒட்டி வலைபோல் ஓர் உருவம் சமைக்கிறார்கள். அதன்மேல் டெக்ஸ்சர் எனப்படும் தோலைப் போர்த்துகிறார்கள், மயிர்க்கால்கூடத் தெரியும். உள்ளே எலும்புக்கூடு போன்ற ஓர் அமைப்பைப் பொருத்துகிறார்கள். நடிகர் ஒருவருக்குச் சிறப்பு உடை அணிவித்து, நடக்கவும் விழவும் வைத்து, அந்த அசைவுகளைப் பதிவுசெய்து இதற்கு ஊட்டுகிறார்கள். ஒளி எங்கே பட்டு எங்கே திரும்பும் என்பதை விநாடிக்கு 30 முறை, 60 முறை கணக்கிட்டு வரைகிறது இயந்திரம். கண்ணாடிப் பிம்பம் எங்கே, இது எங்கே! உயிருள்ளதைப் போலவே ஒன்றைச் செய்துகாட்டும் முயற்சிகளில் மனிதன் இதுவரை சென்ற தொலைவுகளில் இது ஒன்று. அதைத்தான் நாம் "வெறும் வீடியோ" என்று உள்ளே விட்டிருந்தோம்.

அந்த முயற்சி எப்போதும் வெல்வதுமில்லை. மனித முகத்தை ஏறத்தாழ எட்டி, முழுதும் எட்டாமல் நிற்கும் உருவம் பார்ப்பவருக்கு ஒருவகை அருவருப்பைத் தரும் என்று ஜப்பானிய ரோபோட்டியல் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதினார். நம் துணைவியாருக்கு மோரியைத் தெரியாது. ஒரு விளையாட்டின் பாத்திரம் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "மய்யித் சிரிப்பது போல் இருக்கிறது, அணைத்துவிடு" என்றார்.

இந்த மாலைகளில் மகன் சொன்ன ஒரு வரலாறு மனத்தில் நின்றுவிட்டது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்துக்கு 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' என்றொரு புகழ்பெற்ற விளையாட்டு வரிசை உண்டு. (அதன் கதையிலுள்ள மாயமந்திரமும் தெய்வக் கற்பனைகளும் நமக்கு உடன்பாடானவை அல்ல, இங்கே பேச்சு படத்தைப் பற்றியது.) 2000ஆம் ஆண்டுக் கண்காட்சியில், புதிய கருவியின் ஆற்றலைக் காட்ட, அதன் வீரன் மெய்யான மனிதனைப் போல் வாள் வீசும் காட்சியைத் திரையிட்டார்கள். ரசிகர்கள் ஏங்கிக் காத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு காட்டியதோ, பெரிய தலையும் பெரிய கண்ணும் கொண்ட ஒரு கார்ட்டூன் சிறுவனை! நிழலை மெல்ல மெல்லக் கரைக்காமல், வெளிச்சம் ஒரு பட்டை, இருள் ஒரு பட்டை என்று தட்டையாகத் தீட்டும் செல் ஷேடிங் முறை அது. ரசிகர்கள் பலர் கொதித்தார்கள்; கேலிப் பெயர் சூட்டினார்கள். 'தி விண்ட் வேக்கர்' என்ற பெயரில் 2002இல் ஜப்பானில் அது வெளிவந்தது. 2006இல் நிறுவனம் மெய்போன்ற தோற்றத்துடன் 'ட்விலைட் பிரின்சஸ்' என்ற இன்னொன்றையும் தந்தது.

இரண்டையும் அருகருகே ஓடவிட்டுக் காட்டினான். மெய்போன்றதாக அன்று வியக்கப்பட்டது இன்று சாம்பல் பூத்துக் கிடக்கிறது. மெய்யோடு போட்டியிட்ட படத்தை அடுத்த தலைமுறைக் கருவி தோற்கடித்துவிடுகிறது. கார்ட்டூன் கடலோ நேற்றுத் தீட்டியதுபோல் இருக்கிறது. அது எதனோடும் போட்டியிடவில்லையே. அந்தச் சிறுவனின் பெரிய கண்களுக்கும் ஒரு காரணம் உண்டாம். கவனிக்க வேண்டிய பொருள் அருகில் இருந்தால் அவன் பார்வை தானே அங்கே திரும்பும். ஆடுபவருக்கு அது ஒரு குறிப்பு. வேண்டாததைக் குறைத்து வேண்டியதைப் பெரிதாக்குவதே அந்தப் பாணியின் தொழில்.

நம் மரபு அறியாததா இது? 15ஆம் நூற்றாண்டில் ஹெராத் நகரில் பிஹ்ஸாத் போன்ற ஓவியர்கள் தீட்டிய நுண்ணோவியங்களில் நிழல் விழுவதில்லை. இரவுக் காட்சி என்பதைப் பிறையும் விளக்கும்தான் சொல்லும். மற்றபடி எல்லாம் பட்டப்பகல் போல் தெளிவாக இருக்கும். உயிருருவங்களை வரைந்தமையால் அவ்வோவியங்களை மறுக்கும் அறிஞர்களும் உள்ளனர். எனினும் தூரப் பார்வையையும் நிழலையும் காட்டி ஓவியம் கண்ணை ஏமாற்ற வேண்டும் என்ற ஆசை அவற்றில் இல்லை. ஓவியத் தாள் தன்னைத் தாள் என்றே ஒப்புக்கொள்கிறது. கிரனடாவின் அல்ஹம்ரா மாளிகைச் சுவர்களில் உருவமே இன்றிக் கோடும் கோணமும் பூவேலையும் எழுத்துமாக நம் முன்னோர் செய்துவைத்ததை டச்சு ஓவியர் எஷர் 1922இலும் 1936இலும் நேரில் சென்று பார்த்தார். இரண்டாம் முறை அமர்ந்து படியெடுத்தார். அவருடைய படங்களிலிருந்து ஊக்கம் பெற்றுப் பிறந்ததே 2014இல் வந்த 'மானுமென்ட் வேலி' என்னும் கைப்பேசி விளையாட்டு. குவிமாடங்களும் வளைவுகளும் நிறைந்த, இருக்கவே முடியாத கட்டடங்கள்; அவற்றினூடே நடக்கும் சின்னஞ்சிறு வெள்ளை உருவம். அதை மகள் ஆடியபோது, நாம் விலக்கிவைத்த வாசல் வழியாக நம் வீட்டுப் பொருளே திரும்பி வந்ததைக் கண்டோம்.

மெய்போன்ற விளையாட்டுகள் எதனிடம் மெய்யாக நடந்துகொள்கின்றன, எதனிடம் இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தோம். 'கால் ஆஃப் டியூட்டி' வரிசையில் 2009இல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர் 2' விளையாட்டில் கராச்சி நகரத் தெரு ஒன்று போர்க்களமாக வரும். துப்பாக்கியின் திருகாணிவரை பிசகில்லாமல் செதுக்கியவர்கள், கடைப் பலகைகளில் உருதுக்குப் பதிலாக அரபி எழுதிவைத்தார்கள். கராச்சிக்காரர் எவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அதே விளையாட்டின் வேறொரு களத்தில், குளியலறைச் சுவரில் தொங்கிய படச்சட்டத்தில், அல்லாஹ் அழகை நேசிப்பதைப் பற்றிய நபிமொழி எழுதப்பட்டிருந்தது. முஸ்லிம்கள் முறையிட்ட பிறகு, 2012 அக்டோபரில் அந்தக் களத்தை எடுத்துத் திருத்தினார்கள். வேண்டுமென்றே செய்திருப்பார்கள் என்று நாம் எண்ணவில்லை. சுவருக்கு அழகாக ஒரு டெக்ஸ்சர் தேவைப்பட்டிருக்கும். எழுத்து அவர்களுக்குப் பூவேலையாகத் தெரிந்திருக்கும். அழகைப் பற்றிய நபிமொழி, பொருள் அறியாத அழகுப்பொருளாகிக் கழிவறைப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

இதே வரிசையில் 2007இல் வந்த விளையாட்டில், விமானத்தில் அமர்ந்து தரையிலுள்ளோரைச் சுடும் ஒரு கட்டம் உண்டு. வெப்பத்தைக் காட்டும் கேமராவின் சாம்பல் நிறப் படம்; மனிதர்கள் வெண்புள்ளிகள். முகமில்லை, தோலில்லை, இரத்தமில்லை. வரைகலை என்று பார்த்தால் மிக எளியது. ஆனால் இராணுவங்கள் வெளியிடும் மெய்யான தாக்குதல் படங்களோடு அதைப் பக்கத்தில் வைத்தால் பிரித்தறிவது கடினம் என்று பலரும் எழுதினார்கள். நம் மகன் சோற்றுத் தட்டின் முன் கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம். ஃபலூஜா நகரில் 2004இல் நடந்த போரை அப்படியே விளையாட்டாக்க முனைந்த 'சிக்ஸ் டேஸ் இன் ஃபலூஜா' 2009இல் அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் கொனாமி நிறுவனம் விலகிக்கொண்டது. ஆயினும் 2023இல் அது முன்னோட்டப் பதிப்பாக விற்பனைக்கு வந்துவிட்டது. எவருடைய தெரு, எவருடைய கண் வழியாக "உள்ளது உள்ளபடி" காட்டப்படுகிறது என்று கேட்டால் வரைகலைத் திறன் பதில் சொல்வதில்லை.

ஒரு விளையாட்டை நாமே முன்னின்று ஆதரித்ததும் உண்டு. 'அசாசின்ஸ் க்ரீட் மிராஜ்', 2023இல் வந்தது. 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் நடக்கும் கதை. கலீஃபா மன்ஸூர் 762இல் அடிக்கல் நாட்டிய வட்ட நகரம் கண்முன் எழுவதைப் பார்த்து, மக்தபில் மூத்த பிள்ளைகளிடம் பெருமையோடு பேசினோம். ஒரு மாணவன் கேட்டான்: "ஹஜ்ரத், பக்தாதுக்குப் போனால் இதை இப்போதும் பார்க்கலாமா?" அந்த வட்ட நகரத்தில் ஒரு சுவரும் இன்று மிஞ்சவில்லை. நூல்களின் வருணனைகளைக் கொண்டு கலைஞர்கள் கற்பனையால் எழுப்பிய ஊர் அது. உழைப்பு பாராட்டத்தக்கதே. ஆனால் அது ஊகம் என்பதை அந்தப் படத்தின் எந்த மூலையும் சொல்லாது; அத்தனை செங்கல்லும் சாட்சி சொல்வதுபோல் நிற்கிறது. வட்டமும் நான்கு வாயில்களுமாகக் கரும்பலகையில் நாம் கோடு போட்டுக் காட்டியிருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திராது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளை நாம் ஆண்டுதோறும் பாடத்தில் சொல்லிவருகிறோம். நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் அவர்கள் தோழிகளோடு பொம்மை வைத்து விளையாடியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. அபூதாவூதில் வரும் அறிவிப்பு இன்னும் நுணுக்கமானது. போரிலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள், காற்றில் திரை விலகியபோது பொம்மைகளுக்கு நடுவே ஒரு குதிரையைக் கண்டார்கள். துணித் துண்டுகளால் அதற்கு இரண்டு சிறகுகள். குதிரைக்குச் சிறகா என்று கேட்டார்கள். ஸுலைமான் நபியிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று திருப்பிக் கேட்டார்கள் ஆயிஷா (ரலி). நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

உருவங்கள் உள்ள திரைச்சீலையை அகற்றச் சொன்னதும் இதே வீட்டில்தான். அந்தத் திரை பின்னர் வெட்டப்பட்டுச் சாய்ந்துகொள்ளும் மெத்தையாயிற்று. திரைக்கும் பொம்மைக்கும் ஏன் வெவ்வேறு நிலை என்பதைச் சட்ட அறிஞர்கள் விரிவாக ஆய்ந்துள்ளனர்; குழந்தைகளின் விளையாட்டுப் பொருளுக்கு விலக்கு அளித்தோர் பலர். அதற்குள் நாம் நுழையவில்லை. நம் மனம் நின்றது அந்தத் துணிச் சிறகில். இத்தனை ஆண்டுகளாகப் பாடம் சொல்லியும், அந்தக் குதிரை மெய்யான குதிரையைப் போல் இல்லை என்பதை நாம் ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை. எவரும் அதைக் கண்டு ஏமாறியிருக்க முடியாது. கந்தல் துணி தன்னைக் கந்தல் துணி என்று சொல்லிக்கொண்டே ஒரு நபியின் வரலாற்றையும் நினைவூட்டியிருக்கிறது.

இதை மகனிடம் சொன்னபோது அவன் விட்டுவிடவில்லை. "அப்படியானால் ஃபோர்ட்நைட் நல்லதா, வாப்பா? அதுவும் கார்ட்டூன்தான். சுட்டால் இரத்தம் வராது." நியாயமான கேள்வி. 2017இல் வந்த அந்த விளையாட்டில் வண்ணமும் ஆட்டமும் பாட்டுமாகத்தான் எல்லாம் நடக்கின்றன. சுடப்பட்டவர் மாயமாய் மறைந்துவிடுவார். சாவுக்குக் கனமே இல்லாமல் போகிறது. கூடவே ஆடை வாங்கு, வேடம் வாங்கு என்று பிள்ளையின் பையைத் தடவும் கடை வேறு. பாணி என்பதும் மறைப்பதற்கான திரையாகலாம். மறுபுறம், விமானம் ஓட்டக் கற்பவர்கள் மெய்போன்ற பாவனைத் திரையில்தான் பயில்கிறார்கள். அங்கே கார்ட்டூன் உதவாது. ஆகவே பழைய சட்டத்தைத் தலைகீழாக்கிப் புதிய சட்டம் எழுதும் துணிவு நமக்கு வரவில்லை.

இப்போதைக்கு வீட்டில் நடப்பது இதுதான். புதிய விளையாட்டு எதுவானாலும் முதல் நாள் கூடத்தில் வைத்து, நாம் பக்கத்தில் இருக்க, ஆட வேண்டும். போர் விளையாட்டு இரண்டை மகனே நீக்கிவிட்டான். ஒன்றை வைத்துக்கொள்ளக் கேட்டான், இன்னும் பேச்சு முடியவில்லை. மஹல்லா குழுவுக்குக் காணொளி அனுப்பும் முன் நாம் அவனிடம் காட்டுகிறோம். அவன் ஒலி, நிழல், நடப்பவரின் கால் தரையில் படியும் விதம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வான். மக்தபில் ஹுஜுராத் பாடம் மீண்டும் வந்தபோது, அந்த இரவின் கதையைப் பிள்ளைகளுக்கு நாமே சொன்னோம். மிகவும் சிரித்தார்கள்.

7 வயது மகளுக்கு மைன்கிராஃப்ட் அனுமதியாயிற்று. எல்லாமே கனசதுரக் கட்டிகள். மரமும் கட்டி, மேகமும் கட்டி. அவள் பள்ளிவாசல் கட்டுகிறாள். சதுரக் கற்களைக் கொண்டு குவிமாடத்தை உருட்டுவது எப்படி என்று கேட்டு வந்தாள். கட்டம் போட்ட தாளில் வரிசை வரிசையாகக் குறைத்து எண்ணிக் காட்டினோம். ஒரு ஞாயிறு முழுவதும் போயிற்று. பிறகு அடுத்த சந்தேகம்.

"வாப்பா, இதில் கிப்லா எந்தப் பக்கம்?"

அந்த உலகத்தில் மக்கா இல்லையே அம்மா, அதனால் கிப்லாவும் இல்லை என்றோம். அவள் சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் சூரியன் கிழக்கில் உதித்து மேற்கில்தான் மறைகிறது. அதுவும் சதுரச் சூரியன். அது இறங்கும் வரை காத்திருந்து, இறங்கிய பக்கத்துச் சுவரில் மிஹ்ராபுக்காக மூன்று கற்களைப் பெயர்த்தெடுத்தாள்.